கதவைத் தட்டியவர்

தமிழில் அறிவியல் எழுதும் நண்பர்களுக்கும், அந்த எழுத்துக்கு இரவு பத்து மணிக்கு மேல் தலைப்பிடும் செய்தி மேசை நண்பர்களுக்கும் வணக்கம்.

2014 மார்ச் மாதத்தில் உலகெங்கும் சுற்றிய ஒரு சிறு காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆந்திரே லிண்டேயின் வீட்டு வாசல். ஒருவர் வந்து கதவைத் தட்டுகிறார். லிண்டேயும் அவருடைய மனைவி ரெனாட்டா கல்லோஷும் கதவைத் திறக்கிறார்கள். வந்தவர் நின்றபடியே ஓர் எண்ணைச் சொல்கிறார். கல்லோஷ் அவரைக் கட்டிக்கொள்கிறார். பிறகு ஷாம்பெயின் புட்டி திறக்கப்படுகிறது. அண்டம் பிறந்த கணத்தில் எழுந்த ஈர்ப்பலைகளின் தடம் வானத்தில் அகப்பட்டுவிட்டது என்பதுதான் வந்தவர் கொண்டுவந்த சேதி.

அன்று நானும் எழுதினேன். தாளில் போட்ட கணக்கு முப்பதாண்டு கழித்து வானத்தில் மெய்யானது என்கிற தோரணையில் அரைப்பக்கம். லிண்டேயின் முகம் பெரிதாக. கதவைத் தட்டியவர் என் கட்டுரையில் வெறும் ‘ஓர் ஆய்வாளர்’. அவர் பெயர் சாவ்-லின் குவோ. அந்த அளவீட்டைச் செய்த பைசெப்-2 தொலைநோக்கிக்குத் தலைமை தாங்கிய நால்வரில் ஒருவர். கோட்பாட்டுக்காரர் வீட்டுக்குச் சேதி கொண்டுவந்த கருவிக்காரர். திறந்த கதவைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். தட்டிய கைக்கு ஒரு வரி கூடத் தரவில்லை.

பத்து மாதத்தில் அந்தச் சேதி கலைந்தது. திருத்தம் எழுதினேன், உள்பக்கத்தில், ஒற்றைப் பத்தி. அந்தத் திருத்தத்திலேயே ஒரு பிழை இருந்ததை வெகுநாள் கழித்துத்தான் உணர்ந்தேன். ‘கருவியின் கோளாறு’ என்று எழுதியிருந்தேன். கருவியில் ஒரு கோளாறும் இல்லை. அது பார்த்தது உண்மை, சொன்னதும் உண்மை. ஏன் அப்படி எழுதினேன் என்றால், அந்தக் கருவி என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அந்தக் கடனைத் தாமதமாகவாவது அடைக்கலாம் என்றுதான் இந்த மடல்.

பின்னணிக் கதிர்வீச்சின் கதையை நாம் எல்லோரும் ஒருமுறையாவது எழுதியிருக்கிறோம், ஆகவே வேகமாகத் தாண்டுகிறேன். அண்டம் ஏறத்தாழ 3,80,000 ஆண்டு வயதில் ஒளி ஊடுருவும் அளவுக்குக் குளிர்ந்தது. அன்று கிளம்பிய ஒளி இன்று நுண்ணலையாக நீண்டு, 2.725 கெல்வின் என்ற கடுங்குளிர் வெப்பநிலையில் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. பென்சியாஸ், வில்சன், புறா எச்சம், 1978 நோபல். போதும்.

நாம் அவ்வளவாக எழுதாத பகுதி, அந்த ஒளியின் தளவிளைவு. (நம் பாடநூல் சொல் இது. முனைவாக்கம் என்று எழுதுவோரும் உண்டு. சண்டை வேண்டாம்.) ஒளியலை எந்தத் திசையில் ஆடுகிறது என்பது ஒவ்வோர் இடத்திலும் இலேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வானமெங்கும் அந்தச் சாய்வுகளைச் சிறு கோடுகளாக வரைந்தால் இரண்டு விதக் கோலங்கள் தெரியும். ஒன்று கண்ணாடியில் பார்த்தாலும் மாறாதது. அதை ஈ-வகை என்கிறார்கள். தென்துருவத்தில் இருந்த டாசி என்ற கருவி 2002-இல் அதைக் கண்டது. மற்றது சங்கு மாதிரி: வலம்புரி கண்ணாடியில் இடம்புரியாகத் தெரியும். இது பி-வகை. அண்டம் பிறந்த உடனே நம்ப முடியாத வேகத்தில் விரிந்தது என்று ஆலன் கூத்தும் லிண்டேயும் மற்றவர்களும் 1980-களின் தொடக்கத்தில் சொன்ன வீக்கக் கோட்பாடு மெய்யானால், அந்த விரிவு ஈர்ப்பலைகளை எழுப்பியிருக்கும். அவை வானத்தில் இந்தச் சங்குச் சுழியைப் பதித்திருக்கும். விண்மீன் மண்டலங்களின் ஈர்ப்பு ஒளியை வளைப்பதாலும் கொஞ்சம் பி-வகை உண்டாகும், ஆனால் அது சின்னச் சின்னச் சுழிகளாக இருக்கும். தேடுவது முழுநிலவின் அகலத்தைப் போலச் சில மடங்கு பெரிய சுழிகளை.

எவ்வளவு பெரிய சைகை அது? பின்னணியின் வெப்பநிலை ஏற்றத்தாழ்வே லட்சத்தில் சில பங்குதான். ஈ-வகை அதிலும் நூற்றில் சில பங்கு. பி-வகைச் சுழியோ, 2014-இல் அறிவிக்கப்பட்ட பெரிய அளவையே எடுத்துக்கொண்டாலும், ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்கு. அதாவது ஒரு வெப்பமானி வேண்டும்; அது கோடியில் ஒரு பங்கு டிகிரியைப் பிரித்தறிய வேண்டும்; அதுவும் அறை வெப்பத்தில் இருக்கும் மனிதர்களும் மேகங்களும் பனியும் தரையும் சூழ நின்றுகொண்டு.

இந்த இடத்தில் நாம் வழக்கமாக எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘இதுவரை இல்லாத நுண்ணுணர்வு கொண்ட கருவி’. நானும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இந்த விஷயத்தில் அது தவறான வாக்கியம்.

மழை எவ்வளவு பெய்கிறது என்று அளக்க முற்றத்தில் ஒரு டம்ளரை வைக்கிறீர்கள். தூறல்தான். ஒரு நிமிடத்தில் ஒன்பது துளி விழுகிறது, அடுத்த நிமிடத்தில் பதினான்கு, அதற்கடுத்து பத்து. மழை மாறவில்லை, துளிகள் தற்செயலாக விழுவதால் எண்ணிக்கை ஆடுகிறது. இந்த ஆட்டத்தைக் குறைக்க டம்ளரை வெள்ளியில் செய்தாலும் பயனில்லை, அளவுக்கோட்டை நுணுக்கமாகப் பொறித்தாலும் பயனில்லை. அதிக நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது முற்றம் நிறைய டம்ளர் வைக்க வேண்டும். ஆட்டத்தைப் பாதியாக்க நான்கு டம்ளர், பத்தில் ஒன்றாக்க நூறு டம்ளர்.

ஒளியும் துளிகளாகத்தான் வருகிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நல்ல நுண்ணலை வெப்பமானிகளின் சொந்த இரைச்சல், வந்து விழும் ஒளித்துளிகளின் இயல்பான ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட இறங்கிவிட்டது. அதற்குக் கீழே ஒரு தனி உணரியால் போக முடியாது. அதைவிட நல்ல டம்ளர் உலகத்தில் கிடையாது. எனவே பந்தயம் எண்ணிக்கைக்கு மாறியது. மீகடத்திகள் இந்தக் கதைக்குள் நுழைந்தது முக்கியமாக அதனால்தான். அவை கூர்மையானவை என்பதைவிட, அவற்றை அச்சடிக்க முடியும் என்பதால்.

அதற்கு முன் ஆண்டது ஜெர்மானியம். அணு உலையில் நியூட்ரான்களால் பதப்படுத்திய ஜெர்மானியத்தின் பொடித்துண்டு ஒன்றை, சிலந்தி வலை போன்ற மெல்லிய வலையின் நடுவில் ஒட்டுவார்கள். ஒளி வலையைச் சூடாக்கும், துண்டின் மின்தடை மாறும். ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலம் 2009-இல் இத்தகைய 52 உணரிகளைச் சுமந்து போய், பத்தில் ஒரு கெல்வின் குளிரில் வைத்து, முழு வானத்தையும் வரைந்தது. அற்புதமான வேலை. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கோக்க வேண்டிய உருப்படி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி. ஐம்பது செய்யலாம், நூறு செய்யலாம். பத்தாயிரம்?

பைசெப் குடும்பத்தைப் பார்த்தால் இது கைமேல் விளங்கும். முதல் பைசெப் 2006 முதல் 2008 வரை தென்துருவத்தில் நின்று பார்த்தது. உள்ளே 98 ஜெர்மானிய உணரிகள். பைசெப்-2 2010 முதல் 2012 வரை. உள்ளே 512 மீகடத்தி உணரிகள். இடம் அதே தென்துருவம். தொலைநோக்கியின் வாய் ஏறத்தாழ அதே 26 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்றுக் கூட. பார்த்த காலமும் அதே மூன்று பருவம். ஆனால் வானத்தை வரையும் வேகம் பத்து மடங்குக்கு மேல். பெரிய தொலைநோக்கி என்றால்தான் பெரிய கண்டுபிடிப்பு என்று எழுதிப் பழகிய நமக்கு இது உறுத்த வேண்டும். வில்லை கூடக் கண்ணாடி இல்லை, ஷாம்பு புட்டி செய்யும் அதே வகைப் பாலித்தீன். மாறியதெல்லாம் அடியில் இருந்த உள்ளங்கையளவுச் சில்லுகள் நான்கு.

இனி அந்தச் சில்லு. இங்கே கொஞ்சம் நிற்கப் போகிறேன்.

சில உலோகங்களைக் குளிர்வித்துக்கொண்டே போனால் ஒரு வெப்பநிலையில் அவற்றின் மின்தடை அடியோடு போய்விடும். லெய்டன் நகரில் கமர்லிங் ஓனஸின் ஆய்வுக்கூடம் 1911-இல் பாதரசத்தில் கண்டது இது. நம் புத்தகங்களில் மின்தடை செங்குத்தாக விழுவதுபோல் படம் போட்டிருப்பார்கள். உண்மையில் அது செங்குத்து இல்லை. ஒரு கெல்வினில் ஆயிரத்தில் சில பங்கு அகலமுள்ள சரிவு. உலோகத்தை அந்தச் சரிவின் நடுவில், முழு மீகடத்தியாகவும் ஆகாமல் சாதாரண உலோகமாகவும் இல்லாமல், அந்தரத்தில் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்? இம்மி சூடேறினாலும் மின்தடை எகிறும். இயற்கை தானாகச் செய்து கொடுத்த மிகக் கூரிய வெப்பமானி. மாறுவிளிம்பு உணரி என்று நான் எழுதுகிறேன்.

யோசனை புதிதில்லை. 1941-இல் அமெரிக்காவில் டி. எச். ஆண்ட்ரூஸும் கூட்டாளிகளும் டான்டலக் கம்பியொன்றை அதன் சரிவில் நிறுத்தி, அகச்சிவப்பு ஒளியை உணர்ந்து காட்டினார்கள். அப்புறம் அரை நூற்றாண்டு இதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. காரணம், நிறுத்தி வைக்க முடியவில்லை. கூர்மையான கூரை முகட்டில் கோலிக்குண்டை நிறுத்துவது போன்ற வேலை அது. மின்தடையை அளக்க மின்னோட்டம் செலுத்தியாக வேண்டும், மின்னோட்டம் சூடாக்கும். ஓட்டத்தை நிலையாக வைத்தால், சூடு என்பது ஓட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கியது. கொஞ்சம் சூடேறினால் மின்தடை ஏறும், அதனால் சூடு இன்னும் ஏறும், குண்டு உருண்டு ஓடிவிடும்.

ஸ்டான்ஃபோர்டில் கென்ட் இர்வின் 1995-இல் சொன்ன வழி, பத்தாம் வகுப்பு மாணவருக்கும் புரியும். ஓட்டத்தை விடுங்கள், மின்னழுத்தத்தை நிலையாக வையுங்கள். இப்போது சூடு என்பது மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தது. சூடேறினால் மின்தடை ஏறும். வகுக்கும் எண் பெரிதாவதால் மின்சாரம் ஊட்டும் சூடு குறையும். உணரி தானாகவே பழைய இடத்துக்கு வந்து நிற்கும். பெருக்கல் வகுத்தலானது, முகடு பள்ளமாகிவிட்டது. கோலிக்குண்டு பள்ளத்துக்குள் கிடக்கிறது, தள்ளினாலும் திரும்பி வருகிறது. இன்னொரு அழகும் இருக்கிறது. வானத்து ஒளி எவ்வளவு சூட்டைக் கொடுக்கிறதோ, மின்சாரம் அவ்வளவு சூட்டைக் குறைத்துக்கொள்கிறது. குறைந்த அளவைப் படித்தால் வானம் தந்த அளவு கையில். அந்த அளவு, ஒரு வாட்டில் லட்சம் கோடியில் சில பங்கு.

வகுத்தல் கோடு ஒன்றைப் பற்றித் தலைப்புச் செய்தி எழுத முடியாதுதான். ஆனால் என்னைக் கேட்டால், இந்தத் துறையின் கடந்த முப்பதாண்டுக் கதை லிண்டே வீட்டு வாசலில் தொடங்கவில்லை, இந்தக் கோட்டில் தொடங்குகிறது.

சொல்ல மறந்துவிட்டேன், இன்னொரு தடங்கலும் இருந்தது. இந்த உணரியின் மின்தடை ஒரு ஓமுக்கும் கீழே. சாதாரண டிரான்சிஸ்டர் பெருக்கிகளுக்கு இவ்வளவு தாழ்ந்த மின்தடையோடு ஒத்துப்போகாது. அவற்றின் சொந்த இரைச்சலே சைகையை விழுங்கிவிடும். அதைத் தீர்த்ததும் மற்றொரு மீகடத்திதான். 1962-இல் கேம்பிரிட்ஜில் பிரையன் ஜோசப்சன் என்ற 22 வயது மாணவர் இரண்டு மீகடத்திகளுக்கு இடையே மெல்லிய தடுப்பு இருந்தாலும் மின்னோட்டம் ஊடுருவும் என்று கணக்கிட்டார். இரண்டே ஆண்டில் ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அதை வைத்து ஸ்குவிட் என்ற காந்தப்புல உணரியைச் செய்தார்கள். உணரியின் மின்னோட்டம் ஒரு சுருளில் ஓடும், சுருளின் காந்தப்புலத்தை ஸ்குவிட் படிக்கும். ஸ்குவிட்டுக்கு உள்ள சங்கடம், அதற்குப் பூமியின் காந்தப்புலமும் கேட்கும். தொலைநோக்கி திரும்பும்போதெல்லாம் அந்தப் புலமும் வானத்துச் சைகை போல் வேஷம் போடும். நியோபியக் கவசத்துக்குள் பூட்டி வைக்கிறார்கள்.

கம்பி விவகாரம் தனி. அறை வெப்பத்திலிருந்து கால் கெல்வின் குளிருக்கு இறங்கும் ஒவ்வொரு கம்பியும் சூட்டைக் கடத்தும். ஐந்நூறு உணரிக்கு ஆயிரம் கம்பி இறக்கினால் குளிரூட்டி திணறிப்போகும். அதனால் ஒரே கம்பியில் பல உணரிகளை முறைவைத்துப் படிக்கிறார்கள். பைசெப்-2-இல் ஒரு வரிசைக்கு 33 என்று 16 வரிசை. அந்த முறைவைப்பைச் செய்யும் சாவிகளும் ஸ்குவிட்டுகள்தான். இப்போது வரும் கருவிகளில் பண்பலை வானொலி மாதிரி ஒவ்வோர் உணரிக்கும் ஓர் அலைவரிசை கொடுத்து, ஓரிணைக் கம்பியில் ஆயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையை ஏற்றுகிறார்கள்.

சில்லின் முகத்தைப் பார்த்தால் பாய் பின்னல் போலிருக்கும். நியோபியப் படலத்தில் நெடுக்காகவும் குறுக்காகவும் நுண்ணிய வெட்டுகள், அவைதாம் ஆண்டெனா. நெடுக்கு வெட்டுகள் ஒரு திசையில் ஆடும் ஒளியை மட்டும் வாங்கும், குறுக்கு வெட்டுகள் மற்றத் திசையை. வாங்கிய நுண்ணலை நியோபியத் தடங்களில் அநேகமாக இழப்பே இல்லாமல் ஓடி, அங்கேயே பொறித்த வடிகட்டியில் வேண்டிய அலைவரிசை மட்டும் தேறி, ஒரு குட்டித் தீவை அடையும். சிலிக்கான் நைட்ரைடுத் தீவு, மயிரிழையிலும் மெல்லிய கால்களில் தொங்குவது. அதில் வளைந்து வளைந்து போகும் ஒரு தங்கத் தடம். தங்கம் மீகடத்தி ஆகாது. ஆகவே நுண்ணலை அதில் சூடாக மாறி மடிகிறது. பக்கத்திலேயே டைட்டானிய உணரி, ஏறத்தாழ அரை கெல்வினில் தன் சரிவில் நின்றபடி. நெடுக்குத் தீவின் கணக்கிலிருந்து குறுக்குத் தீவின் கணக்கைக் கழித்தால் தளவிளைவு. வளிமண்டலத்தின் சூடு இரண்டுக்கும் பொது என்பதால் கழிந்துபோகும்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சாதாரணச் சங்கதி. தென்துருவ வானத்தின் மங்கலுக்கு ஏற்பச் செய்த இந்த உணரியைச் செய்த ஊரின் ஆய்வுக்கூடத்தில் சோதித்தாக வேண்டுமே? அறைச் சுவரின் 300 கெல்வின் வெளிச்சம் பட்டால் டைட்டானியம் சரிவிலிருந்து தூக்கி எறியப்பட்டு ஒன்றும் உணராமல் போய்விடும். அதனால் அதே தீவில் தொடரிணைப்பில் இன்னோர் உணரி, அலுமினியத்தில், 1.3 கெல்வின் அளவில் சரிவுள்ளது. ஊரில் இருக்கும்வரை அலுமினியம் வேலை செய்யும், டைட்டானியம் சும்மா இருக்கும். துருவத்துக்குப் போனதும் அலுமினியம் முழு மீகடத்தியாகி வெறும் கம்பியாகிவிடும், டைட்டானியம் விழித்துக்கொள்ளும்.

துருவத்தைப் பற்றியும் நாம் பென்குவின் படத்தோடு எழுதிவிடுகிறோம். அங்கே பென்குவின் கிடையாது, கடல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். 2,835 மீட்டர் உயரத்தில் பனிப் பீடபூமி. காற்றின் ஈரமெல்லாம் உறைந்து உதிர்ந்துவிடுவதால் நுண்ணலைக்கு வானம் அங்கே தெளிவு. பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் கிளம்பினால் அக்டோபர் இறுதி வரை வேறு விமானம் இல்லை. ஆறு மாதம் இரவு, சைபருக்குக் கீழே அறுபது டிகிரி, நிலையத்தில் நாற்பது சொச்சம் பேர். ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் ஒருவரோ இருவரோ. பத்துக்கும் மேற்பட்ட குளிர்காலங்களை இப்படிக் கழித்தவர்களும் இருக்கிறார்கள். தொலைநோக்கியின் வாய் மீது படியும் பனித்தூளைத் துடைப்பதும் அவர்கள் வேலைதான்.

தொலைநோக்கி பாட்டுக்கு வலமும் இடமும் வீசிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மேலும் கீழுமாகத் தலையாட்டும். கீழே சாயும்போது வளிமண்டலத்தின் தடிமன் கூடும், எல்லா உணரிகளும் ஒருசேர அதை உணரும். இரட்டையில் எது கூட உணர்கிறது, எது குறைய உணர்கிறது என்று அதிலிருந்து சரிபார்த்துக்கொள்வார்கள். மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு மணிக்கும் ஒரு தலையாட்டல். அதில் கிடைத்த எண்ணைத்தான் குவோ அந்த வாசலில் சொன்னார்.

எண் 0.2. ஈர்ப்பலைச் சிற்றலைக்கும் அடர்த்திச் சிற்றலைக்கும் உள்ள விகிதம். 2014 மார்ச் 17 அன்று ஹார்வர்டில் அறிவித்தார்கள்.

இனி என் பழைய திருத்தத்தின் பிழைக்கு வருகிறேன். பைசெப்-2 வானத்தில் பி-வகைச் சுழியைக் கண்டது. அந்தச் சுழி அங்கே இருந்தது, இன்றும் இருக்கிறது. பின்னால் வந்த, அதே குடும்பத்தைச் சேர்ந்த கெக் கருவிகளும் அதே இடத்தில் அதையே கண்டன. கேள்வி, அதைப் போட்டது யார் என்பது. நம் பால்வீதியில் மிதக்கும் தூசித் துகள்கள் காந்தப்புலத்தோடு ஒழுங்காக வரிசைகட்டி நின்று, தளவிளைவுள்ள நுண்ணலையை உமிழும். அதிலும் வலம்புரி உண்டு. தூசியையும் ஆதி ஒளியையும் பிரிக்க ஒரே வழி நிறம்: அலைவரிசை ஏற ஏறத் தூசி பிரகாசமாகும், ஆதி ஒளியின் போக்கு வேறு. பைசெப்-2 பார்த்ததோ 150 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒற்றை நிறத்தில். சில்லில் பொறித்த வடிகட்டிகள் எல்லாம் அந்த ஒரு நிறத்துக்கே. ஒரு கண்ணுக்கு ஆயிரம் மடங்கு கூர்மை கொடுத்தாலும், கருப்பு வெள்ளையில் பார்க்கும் கண் குங்குமத்தையும் சேற்றையும் பிரிக்காது.

அந்தத் தூசி அந்தப் பகுதியில் குறைவு என்று அன்றைக்கு இருந்த தகவலை வைத்து மதிப்பிட்டார்கள். பிளாங்க் 353 கிகாஹெர்ட்ஸில் பார்த்துக் குறைவில்லை என்று 2014 செப்டம்பரில் சொன்னது. இரு குழுவும் தரவுகளைச் சேர்த்து 2015 ஜனவரி இறுதியில் வெளியிட்டபோது, 0.2 என்பது ‘0.12-க்கு மேல் இல்லை’ என்றானது. பழைய ஜெர்மானியக் கண் புதிய மீகடத்திக் கண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று நான் இதை வாசிக்கிறேன். ஐம்பது டம்ளர்தான், ஆனால் பல நிறத்தில்.

அதற்குப் பிறகு நடந்தவை தலைப்புச் செய்தி ஆகவில்லை. கெக் கருவிகளில் 95 கிகாஹெர்ட்ஸ் சில்லுகளும் 220 சில்லுகளும் வந்தன. பைசெப்-3 ஒரே தொலைநோக்கியில் இரண்டாயிரத்துக்கு மேல் உணரிகளைக் கட்டியது. பக்கத்திலுள்ள பத்து மீட்டர் தென்துருவத் தொலைநோக்கியில் ஏறத்தாழ 16,000. ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நிறம், இரண்டு திசை, ஆக ஆறு உணரிகள். 2021-இல் பைசெப் குழு அந்த விகிதம் 0.036-க்கு மேல் இருக்க முடியாது என்று வரம்பு கட்டியது. வீக்கக் கோட்பாட்டின் பல எளிய வடிவங்கள் அதோடு அடிபட்டுப் போயின. எந்த வாசலிலும் ஷாம்பெயின் திறக்கப்படவில்லை. 2014-இன் ‘கண்டோம்’ என்பதைவிட 2021-இன் ‘காணோம்’ என்பது பெரிய அறிவு என்பது என் எண்ணம். நீங்கள் ஒப்பாமலும் போகலாம்; தலைப்பிடுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது சிலியின் அட்டகாமா பாலையில், செரோ டோகோ மலைச்சரிவில் 5,200 மீட்டர் உயரத்தில், சைமன்ஸ் ஆய்வகம் 60,000-க்கு மேற்பட்ட உணரிகளோடு, பல நிறங்களில் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. ஐந்து லட்சம் உணரிகள் என்று அமெரிக்கா போட்ட அடுத்த திட்டத்தை அந்நாட்டு அரசு அமைப்புகள் 2025-இல் கைவிட்டுவிட்டன. ஆக, அடுத்த சில ஆண்டுகளில் ஒரு சேதி வரும் என்றால் அது பெரும்பாலும் அட்டகாமாவிலிருந்தோ துருவத்திலிருந்தோ வரும். ஒருவேளை இரவு பத்து மணிக்கே வரும். ‘அண்டத்தின் பிறப்பு ரகசியம்’ என்ற தலைப்பு உங்கள் கைக்குத் தானாக வந்து நிற்கும். அப்போது எழுதும் நண்பர் முகமை அனுப்பிய குறிப்பில் இரண்டே எண்களைத் தேடிப் பார்க்கட்டும்: எத்தனை உணரி, எத்தனை நிறம். 2014-இல் அந்த இரண்டாவது எண்ணை நான் தேடியிருந்தால் ‘ஒன்று’ என்ற விடை அறிவிப்பிலேயே இருந்தது. யாரும் மறைக்கவில்லை.

கடைசியாக ஓர் உதவி. ‘மாறுவிளிம்பு உணரி’ என்ற சொல் எனக்கே திருப்தியாக இல்லை. விளிம்பு என்றால் செங்குத்தாக விழுவதுபோல் ஒரு தோற்றம் வருகிறது. இந்தக் கருவியின் உயிரோ அது செங்குத்தாக விழாமல் இருப்பதில்தான் இருக்கிறது. சரிவு என்ற சொல் உள்ளே வரவேண்டும், ஆனால் ‘சரிவுணரி’ என்றால் மலைச்சரிவைக் கண்காணிக்கும் கருவி போலாகிவிடுகிறது. ஆய்வுக்கூடங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் யாராவது இதற்குப் பேச்சு வழக்கில் ஒரு சொல் வைத்திருக்கக்கூடும். தெரிந்தால் எழுதுங்கள். அட்டகாமாவிலிருந்து சேதி வருவதற்கு முன் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்